மூன்றெழுத்து அறிக்கையும் குளியலறைக் கைப்பிடியும்: தொழில் வழிகாட்டலில் ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் இளைஞரும் அவருடைய தாயாரும் எழுத்து மூலம் ஒப்புதல் தந்திருக்கிறார்கள். அடையாளம் தெரியாமலிருக்க ஆண்டுகளையும் தோட்டத்தின் பெயரையும் விட்டுவிட்டேன். சில சிறு விவரங்களை மாற்றியிருக்கிறேன். மதிப்பெண்களை மட்டும் கோப்பில் உள்ளபடியே எழுதுகிறேன், ஏனென்றால் நான் தவறியது அவற்றைப் படித்த விதத்தில்தான்.

பின்னணி

மலேசியாவின் கீழ்ப்பேராக்கில் தெலுக் இந்தானைச் சுற்றிலும் எந்தப் பக்கம் போனாலும் செம்பனைதான். அந்த வட்டாரத்துச் சிறு நகரம் ஒன்றில் இது நடந்தது. ஒரே கடைத்தெரு, ஓர் அரசு கிளினிக், ஒரு முருகன் கோயில், தோட்டத்திலிருந்து இடம் மாறி வந்த ஒரு தமிழ்ப்பள்ளி. பால்மரக் காலத்தில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் வெளியே தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருக்கும் குடும்பங்கள் தோட்ட வீடுகளில் இருக்கின்றன. குலை வெட்டும் வேலையில் இன்று பெரும்பாலும் இந்தோனேசியர்களும் வங்காளதேசத்தவர்களும்தான்.

நான் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவள். சனிக்கிழமைகளில் அந்தத் தமிழ்ப்பள்ளியின் நூலக அறையில் உட்காருவேன். எஸ்.பி.எம். எனும் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வை எழுதப்போகும் பிள்ளைகளும், எழுதிவிட்டு என்ன செய்வதென்று தெரியாதவர்களும் வருவார்கள்.

நான் சொல்லப்போகும் இளைஞரை முதன்முதலில் பார்த்தது அந்த அறையில் அல்ல. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், அவர் படிவம் 5, அதாவது இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு, படித்தபோது, ஒரு மண்டபத்தில். 46 மாணவர்கள், ஒன்றரை மணி நேரம். உளவியலாளர் ஜான் ஹாலந்தின் எஸ்.டி.எஸ். (Self-Directed Search) எனும் தொழில் நாட்டப் படிவத்தை மலாய் வடிவத்தில் எல்லாருக்கும் கொடுத்து நிரப்பச் சொன்னேன். கூட்டிப் பார்த்து, ஆளுக்கொரு மூன்றெழுத்துக் குறியீடும் அதற்குப் பொருந்தும் வேலைகளின் பட்டியலும் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன். அந்தத் தாளின் அடியில் இருப்பது என் கையெழுத்து.

இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். 1909இல் வெளிவந்த நூலில் ஃபிராங்க் பார்சன்ஸ் சொன்ன வழி இன்றும் எங்கள் வேலைக்கு அடித்தளம்: உன்னை அறிந்துகொள், வேலைகளை அறிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார். ஹாலந்து 1959இல் அதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். மனிதர்களின் நாட்டத்தையும் வேலைச் சூழலையும் ஒரே ஆறு வகைகளாகப் பிரித்தார்: கையாலும் கருவியாலும் செய்யும் செயல்வகை, ஆய்வுவகை, கலைவகை, மனிதர்களோடு பழகும் சமூகவகை, ஆள்களையும் வணிகத்தையும் நடத்தும் முனைவுவகை, கணக்கும் கோப்பும் பார்க்கும் ஒழுங்குவகை. பின்னர் இந்த வரிசையில் ஓர் அறுகோணத்தின் முனைகளில் அவற்றை வைத்தார். பக்கத்துப் பக்கத்து வகைகள் ஒத்துப்போகும், எதிரெதிர் வகைகள் ஒருவரிடம் சேர்ந்து வருவது அரிது. 1971இல் வந்த எஸ்.டி.எஸ். படிவம் இந்த ஆறு வகைகளைத்தான் அளக்கிறது. அதிக மதிப்பெண் வரும் மூன்று வகைகளின் முதலெழுத்துகள்தான் அந்த மூன்றெழுத்துக் குறியீடு. அளப்பதற்கு அழகான கருவி. அதை இன்றும் பயன்படுத்துகிறேன்.

அந்தத் தாளில் இந்த இளைஞருக்கு முதல் எழுத்து செயல்வகை. பட்டியலில் முதலில் இருந்தது வெல்டிங்.

திரும்பி வந்த நாள்

எஸ்.பி.எம். முடிவுக்குப் பின் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் வெல்டிங் படிக்கச் சேர்ந்தார். நான்காம் மாதம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பதிவுக் கட்டணமும் விடுதி முன்பணமும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகவில்லை. அம்மாதான் கையைப் பிடித்து அழைத்து வராத குறையாக நூலகத்துக்குக் கூட்டி வந்தார். அவர் தோட்டத்தில் மருந்து அடிப்பவர், உதிரிப்பழம் பொறுக்குபவர். வயது 52.

"பக்கத்து வீட்டுப் பையன் இதே வேலதான் டீச்சர், சிங்கப்பூர்ல இருந்து மாசாமாசம் அனுப்புறான். இவனுக்கு மட்டும் ஏன் ஒத்துக்கல? நீங்க குடுத்த பேப்பர்லயே போட்டிருந்துச்சே" என்றார்.

அவர் பையிலிருந்து எடுத்து நீட்டியது நான் கொடுத்த தாள். நான்காக மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தார்.

இளைஞர் தலை நிமிரவில்லை. ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்கு ஒரே பதில்: "தெரியல டீச்சர். செய்ய வருது. ஆனா காலையில எழுந்திரிக்கவே மனசு வரல."

சோம்பல், ஊக்கமின்மை என்று எழுதிவிடக்கூடிய பதில் அது. எழுதவில்லை. "செய்ய வருது" என்ற சொல் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. அந்த வாரமே பழைய விடைத்தாளைத் தேடி எடுத்தேன்.

விடைத்தாளை மறுபடி பிரித்தது

நான் பயன்படுத்திய எஸ்.டி.எஸ். பதிப்பில் ஒவ்வொரு வகைக்கும் அதிகபட்சம் 50 மதிப்பெண். அது நான்கு பகுதிகளிலிருந்து வருகிறது. எந்தச் செயல்கள் பிடிக்கும் என்பதற்கு 11. எவை செய்யத் தெரியும் என்பதற்கு 11. எந்த வேலைகள் கவர்கின்றன என்பதற்கு 14. தன் திறமையைத் தானே மதிப்பிடும் இரண்டு கேள்விகளுக்கு 7, 7.

இவருடைய செயல்வகை மொத்தம் 28. பிரித்துப் பார்த்தால்: பிடிக்கும் 3, தெரியும் 10, வேலைகள் 4, சுயமதிப்பீடு 6, 5.

சமூகவகை மொத்தம் 25. பிடிக்கும் 9, தெரியும் 4, வேலைகள் 5, சுயமதிப்பீடு 3, 4. மற்ற நான்கு வகைகளும் இவற்றுக்குக் கீழே.

இரண்டு வரிசையையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். செயல்வகையில் அவருக்குத் தெரிந்தது அதிகம், பிடித்தது குறைவு. சமூகவகையில் நேர் எதிர். மொத்தத்தைக் கூட்டியதும் இந்த வேறுபாடு மறைந்துபோயிருந்தது. தோட்டத்துப் பையனுக்கு மோட்டார் கழற்றி மாட்டத் தெரியும், மருந்து பம்பு பழுது பார்க்கத் தெரியும், கூரைத் தகரம் அடிக்கத் தெரியும். ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டவை அல்ல. வீட்டில் வேறு ஆள் இல்லாததால் வந்த திறமைகள். படிவம் அதைத் திறமை என்று சரியாகவே எண்ணியது. அதை நாட்டம் என்று படித்தவள் நான்.

இன்னொன்றும் இருந்தது. இந்தப் படிவத்தில் இரு வகைகளுக்கிடையே 8க்குக் குறைவான வேறுபாட்டைப் பொருட்படுத்தக்கூடாது என்பது ஹாலந்தே தந்த விதி. 28க்கும் 25க்கும் வேறுபாடு மூன்றே மூன்று. முதல் எழுத்து எது என்று முடிவு செய்யவே முடியாத விடைத்தாள் அது. விதி எனக்குத் தெரியும், பாடத்தில் படித்தது. 46 தாளைக் கூட்டும் அவசரத்தில் அதைப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை இதை அவர்கள் இருவரிடமும் அப்படியே சொன்னேன். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இவன் மேல தப்பு இல்லையா?" என்று மட்டும் கேட்டார். இளைஞர் அன்றுதான் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

அட்டைகள்

உடனே இன்னொரு சோதனை கொடுக்கவில்லை. அதே வகைக் கேள்விகளை மறுபடி கேட்டால் அதே வகைப் பதில்தான் வரும். அவருடைய சொற்களில் கேட்க விரும்பினேன். அதனால் அட்டை பிரிக்கும் முறையை எடுத்தேன். 1960களின் தொடக்கத்தில் லியோனா டைலர் வகுத்தது. வேலைகளின் பெயர் எழுதிய அட்டைகளைக் கொடுத்து, பிரிக்கச் சொல்லி, ஏன் அப்படிப் பிரித்தார் என்று கேட்பதுதான் முறை. மதிப்பெண் கிடையாது. பதில் முழுக்க அந்த "ஏன்"-இல் இருக்கிறது.

54 அட்டைகள் செய்தேன், தமிழிலும் மலாயிலும். பாதிக்கு மேல் அந்த நகரத்திலேயே கண்ணால் பார்க்கக்கூடிய வேலைகள். பிடிக்காது என்று 17 போனது. வெல்டிங், லாரி, பட்டறை, குலை வெட்டுவது எல்லாம் அதில். பிடிக்கும் என்று 9. தெரியாது என்று 28.

அந்த 9 அட்டைகளில் முடி திருத்துபவர் இருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"ஆளு உள்ள வரும்போது ஒரு மாதிரி இருப்பாரு டீச்சர். எழுந்திரிக்கும்போது முகமே மாறியிருக்கும்."

மற்ற எட்டு அட்டைகளுக்கும் காரணம் கேட்டபோது வேறு வேறு சொற்களில் இதே பதில். ஒரு மனிதர் வந்த நிலை ஒன்று, போகும் நிலை வேறு, அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரும்பில் அவருக்கு அது கிடைக்கவில்லை.

'நர்ஸ்' அட்டை தெரியாது என்ற குவியலில் கிடந்தது. தெரியாதா, பிடிக்காதா என்று கேட்டதற்கு, "அது பொம்பளைங்க வேலைதானே" என்றார். லிண்டா காட்ஃபிரட்சன் 1981இல் எழுதியதை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். பிள்ளைகள் ஆறு முதல் எட்டு வயதுக்குள்ளேயே ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்து, தமக்குரியதல்ல என்று தோன்றுவதைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள், பிறகு அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது அவர் கோட்பாடு. சோதனை தாளில் இது வெறும் 'இல்லை' என்றுதான் பதிவாகும்.

குடும்ப மரம்

தாத்தா பாட்டி காலம்வரை மூன்று தலைமுறையின் வேலைகளை ஒரு தாளில் வரைந்தோம். எதிர்பார்த்ததுதான். இரு பக்கமும் பால்மரம் வெட்டியவர்கள், வேலையாள்களை மேற்பார்த்த ஒரு மண்டோர், பிறகு செம்பனை. அப்பாவின் பெயருக்குக் கீழே வந்ததும் இளைஞர் பேனாவை வைத்துவிட்டார்.

அப்பா குலை வெட்டுபவர். உயரமான மரத்தில் கம்பு அரிவாளால் அறுத்தபோது குலை சரிந்து தோளிலும் முதுகிலும் விழுந்தது. இருபது கிலோவுக்கு மேல் எடை. உயிர் பிழைத்தார். வலக்கையும் காலும் பழையபடி ஆகவில்லை. அப்போது மகனுக்கு 16 வயது. அம்மா விடியற்காலையில் தோட்டத்துக்குப் போய்விடுவதால் அப்பாவை எழுப்பி, குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, பயிற்சி செய்யவைத்து, பிறகு பள்ளிக்கூடம் போனது இவர். இரண்டு ஆண்டுகள். மண்டபத்தில் என் படிவத்தை நிரப்பிய காலமும் அதில் அடக்கம்.

"இதை ஏன் தம்பி எழுதல?" என்றேன்.

"அதுல கேக்கலையே டீச்சர். அது வீட்டு வேலைதானே."

உண்மைதான். சமூகவகையின் "தெரியும்" பகுதியில் பிறரோடு எளிதாகப் பேசுவது, சொல்லிக்கொடுப்பது போன்றவை உண்டு. படுத்த மனிதரை முதுகு நோகாமல் புரட்டத் தெரியுமா என்ற கேள்வி இல்லை. அவருக்கு 4 வந்தது அதனால்தான்.

அப்பாவைச் சில மாதங்கள் மலாக்காவில், பெர்க்கெசோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் துன் ரசாக் மறுவாழ்வு மையத்தில் சேர்த்திருந்தார்கள். பள்ளி விடுமுறையில் இவர் போய்த் தங்கிப் பார்த்திருக்கிறார். "அங்க ஒரு அண்ணன் அப்பாவுக்குச் சட்டைப் பட்டன் போடக் கத்துக் குடுத்தாரு. ஒரு கையாலயே. மூணு நாள் ஆச்சு. போட்டு முடிச்சதும் அப்பா அழுதுட்டாரு" என்றார். அந்த வேலைக்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியாது. தொழில்வழிச் சிகிச்சை (occupational therapy) என்று சொன்னேன். அட்டைகளில் நான் அதை எழுதியிருக்கவே இல்லை.

வெல்டிங் படித்த நான்கு மாதத்தில் ஏதாவது ஒன்று பிடித்ததா என்று கேட்டேன். பிடித்திருந்தது. விடுமுறைக்கு வந்தபோது வீட்டுக் குளியலறைச் சுவரில் அப்பா பிடித்து எழுந்திருக்க ஒரு கைப்பிடி செய்து பொருத்தியிருக்கிறார். உயரத்தை மூன்று முறை மாற்றியிருக்கிறார். சைக்கிள் கைப்பிடி ரப்பரைக் கரண்டிக் காம்பில் மாட்டிக் கொடுத்ததும் அவர்தான். அந்தக் கைப்பிடியைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினார்.

செயல்வகையும் சமூகவகையும் ஹாலந்தின் அறுகோணத்தில் எதிரெதிர் முனைகள். இயந்திர அறிக்கை இதை ஒத்திசைவு குறைந்த குறியீடு என்று சொல்லும். ஆனால் நோயாளியின் உடலைத் தொட்டு, கருவியைத் திருத்தி, ஒரு மனிதரை எழுந்து நிற்கவைக்கும் வேலைகள் இந்த இரண்டு முனைகளையும் சேர்த்துத்தான் கேட்கின்றன.

அம்மாவின் கேள்வி

நான்காவது சந்திப்பில் அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "எல்லாம் சரி டீச்சர். வீடு போயிட்டா நாங்க எங்க போறது?" என்றார்.

தோட்ட வீடு வேலையோடு சேர்ந்தது. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் வீடு. இப்போது அந்த ஒருவர் அம்மா. மகன் சீக்கிரம் கைநிறையச் சம்பாதித்து வெளியே ஒரு வீடு பார்க்க வேண்டும் என்பதுதான் வெல்டிங்கின் பின்னால் இருந்த கணக்கு. மூன்று சந்திப்புகளாக இதை நான் கேட்கவில்லை. நாட்டம், திறமை என்று பேசிக்கொண்டிருந்தேன். வேலை என்பது முதலில் பிழைப்புத் தேவை, பிறகுதான் உறவும் சுயநிர்ணயமும் என்று டேவிட் புளூஸ்டீன் 2006இல் எழுதியதைப் படித்து அடிக்கோடு போட்டவள் நான். அந்த அடிக்கோடு அம்மா கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

தாளில் கணக்குப் போட்டோம். ஓய்வு வயது 60. அம்மாவுக்கு 52. எட்டு ஆண்டு. உடல் தாங்காமல் முன்னதாக நிற்க வேண்டி வந்தாலும் ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொண்டோம். அப்பாவுக்குப் பெர்க்கெசோவிலிருந்து மாதத் தொகை வருகிறது. ஐந்து ஆண்டு என்ற எண்ணைப் பார்த்ததும் அம்மாவின் தோள் கொஞ்சம் இறங்கியது.

எடுத்த முடிவுகள்

மூன்று வழிகள் இருந்தன. வெல்டிங்குக்குத் திரும்புவது. கடன் வாங்கி உடனே ஒரு தனியார் கல்லூரியில் மருத்துவத் துணைப் படிப்பில் சேர்வது. வேலை பார்த்துக்கொண்டே எஸ்.பி.எம். கணிதத்தைத் தனியார் வேட்பாளராகத் திரும்ப எழுதி, பிறகு அரசு வழியில் விண்ணப்பிப்பது. அவருடைய கணிதம் 'ஈ'. தேர்ச்சி, ஆனால் கிரெடிட், அதாவது 'சி' அல்லது அதற்கு மேல், இல்லை. அவர் விரும்பிய டிப்ளோமா படிப்புகளுக்கு அது தடை.

இரண்டாவது வழிக்கு வீடு தேடி வந்தே ஆள் பேசிவிட்டுப் போயிருந்தார். கிரெடிட் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்றாராம். அந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. எனும் மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பதிவேட்டில் மூவரும் சேர்ந்து தேடினோம். அந்தப் பெயரில் இல்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மூன்றாவது வழியை இளைஞர் தேர்ந்தெடுத்தார். நான் சொல்லித் தேர்ந்ததாக ஆகிவிடக்கூடாது என்பதற்காக ஒரு வாரம் கழித்து வந்து சொல்லச் சொன்னேன். ஒரு தடவை என் தாளை நம்பி நான்கு மாதம் இழந்தவர் அவர்.

முடிவு செய்வதற்கு முன் வேலையை நேரில் பார்க்கட்டும் என்று இரண்டு இடங்களுக்கு ஏற்பாடு செய்தேன். முதல் இடத்தில் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஓர் எம்.ஏ., அதாவது மருத்துவ உதவி அதிகாரி, அரை மணி நேரம் பேசினார். அவரும் கணிதத்தை இரண்டாம் முறை எழுதியவர். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா சொன்ன தன்னம்பிக்கையின் நான்கு ஊற்றுகளில் தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடித்ததைக் காண்பதும் ஒன்று. என் ஊக்க வார்த்தைகள் எல்லாம் சேர்ந்து செய்யாததை அந்த அரை மணி நேரம் செய்தது. ஆண் ஒருவர் நோயாளியின் காலுக்குக் கட்டுப் போடுவதையும் அங்கே பார்த்தார். 'நர்ஸ்' அட்டையைப் பற்றி நான் மறுபடி எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பின் நடந்தவை

இரண்டாவது இடம் நகரத்து டயாலிசிஸ் மையம். பார்க்கப் போன நாளில் அங்கே உதவியாளர் ஒருவர் வேலையைவிட்டு நின்றிருந்தார். மேற்பார்வையாளர் இவரிடம் பேசிப் பார்த்துவிட்டு அடுத்த வாரமே வரச் சொன்னார். எதிர்பாராமல் வருவதைப் பிடித்துக்கொள்ளும்படி ஆளைத் தயார்செய்வதும் ஆலோசகரின் வேலை என்று கிரம்போல்ட்ஸ் குழுவினர் 1999இல் எழுதினார்கள். அன்று அவரை அந்த வாசலுக்கு அழைத்துப் போனது மட்டும்தான் நான் செய்தது.

நோயாளிகள் வாரம் மூன்று முறை வருவார்கள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். பலர் தோட்டத்து முதியவர்கள். எடை பார்ப்பது, நாற்காலியிலிருந்து இறக்குவது, இயந்திரத்தைத் துடைத்துத் தயார் செய்வது அவர் பணி. சம்பளம் வெல்டிங்கில் கிடைத்திருக்கக்கூடியதைவிடக் குறைவு. அம்மாவுக்கு முதல் மூன்று மாதம் அது ஒப்பவில்லை. எனக்கே தொலைபேசியில் சொன்னார்.

மாலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் கணிதம். முதல் தேர்வில் 'டி' வந்தது. ஒரு படி ஏறியும் கிரெடிட் இல்லை. அந்த வாரம் அவர் வரவில்லை. அடுத்த வாரம் வந்து, பின்னமும் விழுக்காடும்தான் தன்னைக் கவிழ்க்கின்றன என்று சொல்லி, விடைகளைத் தானே பிரித்துப் போட்ட ஒரு தாளைக் காட்டினார். டயாலிசிஸ் மையத்தில் நோயாளியின் எடையிலிருந்து எடுக்க வேண்டிய நீரின் அளவை நர்ஸ் எப்படிக் கணக்கிடுகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதிலேயே பயிற்சி செய்வதாகச் சொன்னார். மறுபடி எழுதினார். இதை எழுதும்போது முடிவு வரவில்லை.

முழு எஸ்.டி.எஸ். படிவத்தை ஓராண்டு கழித்து மீண்டும் நிரப்பினார். சமூகவகையில் "தெரியும்" 4இலிருந்து 9 ஆனது. செயல்வகையில் "தெரியும்" அதே 10, "பிடிக்கும்" 3இலிருந்து 6. இரும்பு பிடிக்கத் தொடங்கியதற்குக் காரணம் கேட்டேன். மையத்தில் சக்கர நாற்காலிகளைப் பழுது பார்ப்பது இப்போது அவர்தானாம்.

இப்போது செய்வதானால்

மண்டபத்தில் கூட்டமாகப் படிவம் கொடுப்பதை நிறுத்த முடியாது. அத்தனை பிள்ளைகளுக்கு நான் ஒருத்தி. ஆனால் மூன்றெழுத்துத் தாளை நான் இனி கொடுப்பதில்லை. நான்கு பகுதிகளையும் தனித்தனியாக அச்சிடுகிறேன். 8க்குக் குறைவான வேறுபாடு உள்ள வகைகளை ஒரே வரியில் போடுகிறேன். தெரிந்ததற்கும் பிடித்ததற்கும் இடைவெளி பெரிதாக இருக்கும் பிள்ளைகளைப் பெயர் குறித்துக்கொண்டு சனிக்கிழமை இருபது நிமிடமாவது தனியாகக் கூப்பிடுகிறேன். அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: "இதை எங்கே கத்துக்கிட்ட? யாரும் செய்யச் சொல்லலைன்னா செய்வியா?"

படிவத்தோடு ஒரு வெற்றுத் தாள் சேர்த்திருக்கிறேன். வீட்டில் யாருக்காக என்னென்ன செய்கிறாய் என்று தமிழிலோ மலாயிலோ எழுதச் சொல்கிறேன். சென்ற முறை வந்த தாள்களில் தம்பி தங்கைகளுக்குச் சமைப்பவர்கள், பாட்டிக்கு இன்சுலின் போடுபவர்கள், அப்பாவின் பெர்க்கெசோ படிவங்களை நிரப்புபவர்கள் எல்லாம் இருந்தார்கள். படிவத்தின் எந்தக் கட்டத்திலும் அவர்கள் தெரிந்திருக்க மாட்டார்கள்.

தாயையோ தகப்பனையோ முதல் சந்திப்பிலேயே உட்காரவைத்து, வீடு யார் பேரில், எத்தனை ஆண்டு என்று கேட்கிறேன். அட்டைகளிலும் தொழில்வழிச் சிகிச்சை உட்பட ஒன்பது புது வேலைகளைச் சேர்த்தாயிற்று. இப்போது 63.

போன மாதம் அவர் வந்திருந்தபோது அந்த 63ஐயும் மேசையில் பரப்பினோம். தெரியாது என்ற குவியலில் 11 மிச்சம் இருந்தது. கணித முடிவு வந்த பிறகு, எப்படி வந்தாலும், அந்த 11ஐ எடுத்துக்கொண்டு மறுபடி உட்காருவதாகப் பேசியிருக்கிறோம்.